பாவாத்தாள் வாங்கிய கடைசி அடி

அடி வாங்கியே பேர் வாங்கியவர் பாவாத்தாள். கோயமுத்தூரில் ஸ்டுடியோக்கள் மும்முரமாகப் படம் எடுத்துக்கொண்டிருந்த காலத்தில், மாமியாரிடம் சூடுபடும் மருமகளா, குடிகாரன் எட்டி உதைக்கும் மனைவியா, கூப்பிடு பாவாத்தாளை என்பார்களாம். கதாநாயகிக்கு அடி விழுகிற காட்சியிலும் அப்படித்தான். முகத்தைக் காட்டினால் கதாநாயகி, முதுகைக் காட்டினால் பாவாத்தாள். படிக்கட்டில் உருண்டது, கிணற்றில் விழுந்தது, தலைமயிரைப் பிடித்து முற்றம் முழுக்க இழுபட்டது எல்லாம் இவர். அழகாக அழுததாகப் பத்திரிகையில் பாராட்டு வாங்கியது மட்டும் அந்தக் கதாநாயகியம்மா.

நான் மைக்செட்காரன். பெயர் அப்துல் நாசர், கருமத்தம்பட்டியில் கடை வைத்திருக்கிறேன். எழுதுவது என் வேலை இல்லை. ஆனால் தொண்ணூற்று நான்கில் அவருக்கு ஊர் கூடிப் பாராட்டு விழா எடுத்தபோது, நோட்டீசில் 'கலைச்சேவை, சமூகச்சேவை' என்று இரண்டு வார்த்தையோடு முடித்துவிட்டார்கள். அதைப் பார்த்தபோது வந்த எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. அதனால் எழுதுகிறேன்.

பாவாத்தாள் பிறந்தது சத்தியமங்கலத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில். அப்பாவும் அம்மாவும் ஒரு பண்ணையில் புகையிலைக் காட்டு வேலை. ஒருநாள் பண்ணைக்காரர் வீட்டுக் கிணற்றில் அப்பா இறங்கிக் குளித்துவிட்டார் என்று அவரை வேப்பமரத்தில் கட்டி வைத்து, மாடு ஓட்டும் சாட்டையால் அடித்தார்கள். முதுகுத் தோல் பிய்ந்து தொங்கியபோதும் அவர் வாயைத் திறக்கவில்லை. பக்கத்தில் நின்ற மகள்தான் கதறினாள். அந்த ஊரில் கொட்டகை போட்டிருந்த நாடகக் கம்பெனிக்காரர் ஒருவர் அந்தக் கதறலைக் கேட்டுவிட்டு, மறுநாள் காலையில் வந்து பெண்ணைக் கம்பெனிக்குக் கேட்டார். அப்பன் வாங்கிய அடியில் மகளுக்கு வேலை கிடைத்தது. இதை நினைத்தால் எனக்கு யார்மேல் கோபப்படுவது என்றே தெரியவில்லை.

கம்பெனியில் அவருக்கு முதலில் கற்றுக்கொடுத்தது அடி வாங்கும் வித்தை. நாடகத்தில் அடிக்கிறவனின் கை முகத்தில் படாது, காதோரமாகக் காற்றில் போய்விடும். பளாரென்ற சத்தம் வருவது அடி வாங்குகிறவளின் கையிலிருந்து. கெஞ்சுவதுபோல நெஞ்சுக்கு நேரே கைகூப்பி நிற்பாள். அவன் கை வரும் அதே நொடியில் முகத்தைத் திருப்பிக்கொண்டு, கூப்பிய கையைத் தானே ஓங்கித் தட்டிக்கொள்வாள். எல்லோரும் கன்னத்தைப் பார்த்துக்கொண்டிருப்பதால் கையை யாரும் கவனிப்பதில்லை. பாவாத்தாள் கைதட்டினால் கடைசி வரிசையில் இருப்பவன் கன்னத்தைத் தடவிக்கொள்வான் என்று ஒரு பேச்சு உண்டு.

ஸ்டுடியோவில் விளக்குத் தூக்குகிற ஒருவனைக் கல்யாணம் செய்துகொண்டார். சிங்காநல்லூர்ப் பக்கம் ஒரு லைன் வீட்டில் குடித்தனம். அவன் ஸ்டுடியோவில் அவர் அடி வாங்குவதைப் பகலெல்லாம் பார்த்துவிட்டு வந்து வீட்டில் நிஜமாகவே அடித்தான். கையால் அடித்தான், பெல்ட்டால் அடித்தான், ஒருமுறை விறகுக் கட்டையால் அடித்தான். சுவருக்கு இரண்டு பக்கமும் குடித்தனக்காரர்கள் இருந்தார்கள். சத்தமெல்லாம் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்டது. ஒருத்தரும் வரவில்லை. நடிகை ஒத்திகை பார்க்கிறாள் என்று இருந்துவிட்டார்கள். அடுப்பைத் தணித்துவிட்டுச் சுவரோரம் உட்கார்ந்து ரசித்துக் கேட்டவர்களும் உண்டு.

வயிற்றில் பிள்ளை இருக்கும்போது அடிவயிற்றில் உதைத்தான். ஆஸ்பத்திரியில் கிடந்து, பிள்ளையைப் பறிகொடுத்துவிட்டு வந்தபோது, பக்கத்து வீட்டுக்காரி குடத்தோடு எதிரே வந்தாள்.

"ஏனுங்கக்கா, போன வாரம் ஒத்திகை பாத்தீங்கல்ல, கேட்டுட்டு எனக்கு அழுவாச்சியே வந்துபோட்டதுங்க. என்ன படமுங்க அது?"

பாவாத்தாள் அவளைத் தாண்டி நடந்தார். வீட்டுக்குள் போனார். அவன் படுத்துக் கிடந்தான். ஆட்டுக்கல் குழவியைத் தூக்கி வந்து அவன் பாதத்தின்மேல் போட்டார். எலும்பு நொறுங்கி அவன் போட்ட கூச்சலையும் அக்கம்பக்கம் ஒத்திகை என்றே நினைத்திருக்கும். நொண்டிக்கொண்டே மெட்ராஸுக்கு ஓடிப்போனவன் பிறகு திரும்பவில்லை. இந்தக் கதையை அவர் எப்போது சொன்னாலும் குழவி விழும் இடத்தில் நான் சிரித்துவிடுவேன், அவரும் சிரிப்பார்.

படத் தொழில் மொத்தமும் மெட்ராஸுக்குப் போய்விட்டது. பாவாத்தாள் கருமத்தம்பட்டிக்கு வந்து விசைத்தறிக் கூடங்களில் தார் சுற்றி, அதாவது தறிக்கு வேண்டிய நூலைக் குச்சியில் சுற்றிக் கொடுத்து, பிழைத்தார். அங்கேதான் அவருடைய இன்னொரு தொழில் ஆரம்பித்தது. எந்த வீட்டிலாவது பெண்ணுக்கு அடி விழுகிற சத்தம் கேட்டால், நேராகப் போய் அந்த வீட்டு வாசலில் நிற்பார். உள்ளே நுழைய மாட்டார், கதவைத் தட்டவும் மாட்டார். உள்ளே அவன் என்ன பேசுகிறானோ அதை வார்த்தை மாறாமல், அவன் குரலிலேயே, தெருவுக்கே கேட்கும்படி திருப்பிச் சொல்வார். வேறொன்றும் செய்ய மாட்டார்.

"'சோத்துல உப்பு இல்லடி நாயே, உங்கொப்பன் என்னத்தக் குடுத்தான்.' இப்படிக் கேக்கறாருங்க. எல்லாரும் வந்து கேட்டுக்குங்க."

தன் வாயிலிருந்து வருவதை வாசலிலிருந்து கேட்கும்போது எந்த ஆம்பிளைக்கும் சகிப்பதில்லை. பாதிப்பேர் அதோடு அடங்கிவிடுவார்கள். மீதிப்பேர் வெளியே வந்து இவரை அடிப்பார்கள். ஒருத்தன் பாவு நூலுக்கு விறைப்பேற்றக் காய்ச்சிய கஞ்சியைக் கொதிக்கக் கொதிக்க அள்ளி ஊற்றினான். வலது கை முழங்கை வரை வெந்து தோல் சுருங்கிப்போனது. ஆறும்வரை இடது கையால் தார் சுற்றினார். வாசலுக்குப் போவதை ஒருநாளும் விடவில்லை.

அன்புச்செல்வி என்ற இளம்பெண் இவரிடம் வந்தது விழாவுக்குக் கொஞ்ச நாள் முந்தி. விடிந்து, தறிகள் ஓடத் தொடங்கிய நேரம். இடது கன்ன எலும்பின்மேல் சதுரமாக ஒரு வெட்டு, உள்ளே வெள்ளையாகத் தெரிந்தது. மணிக்கட்டு முறிந்து தொங்கியது. புருஷன் வேங்கடசாமி பெரிய தறிக்கூடத்துக்கு முதலாளி. கோயில் கமிட்டி, பள்ளிக்கூடக் கமிட்டி எல்லாவற்றிலும் அவன்தான். வாயைத் திறந்தால் 'வாங்க, போங்க' தவிர வராது. கையில் சதுரக் கல் பதித்த மோதிரம்.

ஊரில் நியாயம் பேசுகிறவர் சென்னியப்பன். நல்ல மனுஷன், அதில் சந்தேகமில்லை. வேங்கடசாமி அவரிடம், "நாடா தெறிச்சுப்போச்சுங்க மாமா, புள்ள கூடத்துக்குள்ள வந்து நின்னுபோட்டா" என்றான். சென்னியப்பன் நம்பிவிட்டார். நாடா என்பது தறியில் நூலைக் கட்டிக்கொண்டு குறுக்கே பாய்கிற கட்டை, இரண்டு முனையிலும் இரும்பு. சில நேரம் தறியை விட்டுத் தெறித்துத் தோட்டா மாதிரி வரும். எங்கள் ஊரில் நாடா பட்ட தழும்பு இல்லாத குடும்பம் கிடையாது, சென்னியப்பன் நெற்றியிலேயே ஒன்று இருக்கிறது. வெளியூர்க்காரன் யாராவது கேட்டிருந்தால் துருவித் துருவி விசாரித்திருப்பான். எங்களுக்கு மட்டும் அந்தப் பொய் உடனே நிஜமாகிவிட்டது. அன்புச்செல்வியின் அப்பா அம்மாவே, "போயி பொழைக்கற வழியப் பாரு அம்மணி" என்று சொல்லிவிட்டார்கள்.

அந்தச் சமயத்தில்தான் பாராட்டு விழா என்று ஆரம்பித்தார்கள். யோசனை சென்னியப்பனுடையது. சின்ன வயதில் பாவாத்தாள் நாடகத்தைப் பார்க்க அவர் சைக்கிள் மிதித்துக்கொண்டு ஊர் ஊராகப் போனவர், அந்த மரியாதை உண்மையானது. செலவை ஏற்றுக்கொண்டவன் வேங்கடசாமி. அவன் கணக்கு வேறு. சென்னியப்பன் பாவாத்தாள் வீட்டுக்கு வந்து பேசியபோது நானும் அங்கே இருந்தேன்.

"உங்களுக்கு ஊரே மரியாத செய்யுதுங்க. அதே மேடையில அந்தப் புள்ளையக் கையப் புடிச்சு மாப்பிள்ளைகிட்டக் குடுத்துருங்க. ஊரு முன்னால நடந்தா நாளைக்கு அவரும் ஒன்னும் பண்ண மாட்டாருங்க."

"அந்தப் புள்ள போனா செத்துருமுங்க."

"அப்படியெல்லாம் சொல்லாதீங்க. நாடா பட்டதுக்கு மனுசன் என்னங்க பண்ணுவாரு?"

அன்புச்செல்வி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தாள். பாவாத்தாள் அவளைத் திரும்பிப் பார்த்துவிட்டு, "சரிங்க, விழாவுக்கு வாரேன்" என்றார். ஒரு சால்வைக்கு இந்தம்மா விலைபோய்விட்டாரே என்று மனதுக்குள் திட்டிக்கொண்டேன். அவர் என்னைப் பார்த்து, "நாசரு, நல்ல மைக்காப் பாத்து எடுத்துட்டு வா கண்ணு, சின்னச் சத்தமும் கேக்கோணும்" என்றார். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

விழா ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம், கோயில் திடலில். தறி நிற்கிற நாள் என்பதால் ஊரே வந்திருந்தது. பெண்கள் பக்கம் முன்வரிசையில் கையில் கட்டோடு அன்புச்செல்வி உட்கார்ந்திருந்தாள். கன்னத்து வெட்டு ஆறத் தொடங்கியிருந்தது. மேடைக்கும் அவளுக்கும் நடுவே நான் பெட்டிகளோடு உட்கார்ந்திருந்தேன். அவள் காலை ஆட்டிக்கொண்டே இருந்தாள். விழா முடிந்ததும் அந்தக் காலால் நடந்து அவன் வீட்டுக்குள் போகவேண்டும்.

வேங்கடசாமி பொன்னாடை போர்த்தினான். கைதட்டினார்கள். சென்னியப்பன் மைக்கைப் பிடித்து, பழைய காட்சி ஒன்றை அம்மா நடித்துக் காட்டவேண்டும் என்று கேட்டார். கூட்டமும் கேட்டது. பாவாத்தாள் எழுந்து மைக் முன்னால் வந்தார்.

"அதுக்கு முந்தி எங்க தொழில்ல ஒரு ரகசியத்தச் சொல்லிப்போடறேனுங்க. நாடகத்துல அடிக்கறவரு கை மேல படாதுங்க. சத்தம் வாரது எங்க கையிலிருந்து." கைகூப்பி நின்று ஓங்கித் தட்டிக் காட்டினார். மைக்கில் அது திடல் முழுக்க எதிரொலித்தது. கூட்டம் சிரித்தது. "கையப் பாத்துக்குங்க, அப்பத்தான் வெளங்கும். அடிக்கறதுக்கு ஆரு வாரீங்க? பொன்னாடை போத்துன கையே அடிக்கட்டுமுங்க."

எல்லோரும் வேங்கடசாமியைப் பார்த்தார்கள். அவன் வெட்கப்பட்டமாதிரி சிரித்துக்கொண்டே வந்தான். பாவாத்தாள் காலில் விழுந்து எழுந்து, கைகூப்பி, அந்தப் பழைய நாடகக் குரலில் சொன்னார்: "சுவாமி, எவ்வளவு வேண்டுமானாலும் அடியுங்கள், இந்த வீட்டை விட்டு மட்டும் விரட்டாதீர்கள்." அவன் கையை வீசினான். காற்றில்தான் போனது. பளாரென்று கேட்டது. கிழவிக்கு என்ன கை என்று ஆண்கள் பக்கம் விசில் அடித்தார்கள்.

"இன்னொருக்கா பண்ணறமுங்க," என்றார். திரும்பவும் கைகூப்பினார். ஆனால் இந்தமுறை மைக்கிலிருந்து முகத்தை அப்பால் திருப்பிக்கொண்டு, அவன் கண்ணை நேராகப் பார்த்து, மெதுவாக வேறொன்று சொன்னார். பக்கத்திலேயே இருந்ததால் எனக்குக் கேட்டது.

"அந்தப் புள்ள வராதுங்க. உங்ககூட வாழ இஷ்டமில்லையாமா. உங்களை ஆம்பிளையாவே நெனைக்கலையாமா."

சொல்லிவிட்டுச் சிரித்தார். கூப்பிய கையைப் பிரித்து இரண்டையும் தலைக்கு மேலே அகல விரித்துத் தூக்கினார். அவன் அடித்தான்.

புறங்கையால் விழுந்த அடி. முன்னே வந்த பொய்ச் சத்தம் பளாரென்று கேட்டது. இது அப்படி இல்லை. மந்தமாக, ஈரத் துணியைக் கல்லில் போட்டமாதிரி, அதோடு ஏதோ உடைந்த ஒலியும் சேர்ந்து வந்தது. கூட்டம் கைதட்டியது. ஐயோ, கைதட்டியது. அவன் இன்னொன்று அடித்தான், மோதிரக் கை, அதே இடம். ரத்தம் பொன்னாடையில் விழுந்தது. சிலர் அப்போதும் தட்டிக்கொண்டிருந்தார்கள். பாவாத்தாள் கையை இறக்கவில்லை. அவன் வயிற்றில் உதைத்தான். முழங்காலில் விழுந்தார், கை மேலேயே இருந்தது. தலைமயிரைப் பற்றி முகத்தை நிமிர்த்தி மறுபடி அடித்தான். வீட்டில் அடித்துப் பழகிய கைக்கு மேடை எது, வீடு எது என்று தெரியவில்லை. வாயிலிருந்து பல் ஒன்று மைக்கில் பட்டுக் கீழே விழுந்ததைத் திடல் முழுக்க எல்லோரும் கேட்டார்கள். அதற்குள் தட்டிக்கொண்டிருந்த கைகள் ஒவ்வொன்றாக நின்றுவிட்டன. எல்லோரும் அவர் கைகளைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவை விரிந்தபடியே இருந்தன.

நான் மேடைமேல் ஏறியது எனக்கே நினைவில்லை. மைக் ஸ்டாண்டைத் தலைகீழாகப் பிடித்து, அடியில் இருக்கும் இரும்பு வட்டத்தால் அவன் முழங்காலில் விட்டேன். சுருண்டு விழுந்தான். அவன் ஆட்கள் என்மேல் பாய்ந்து விலாவில் மிதித்தார்கள். மூச்சு விட முடியவில்லை, இருந்தாலும் அந்த அடி விட்டதில் எனக்கு இருந்த சந்தோஷத்தை மறைக்க மாட்டேன்.

"நிறுத்துங்கடா," என்றார் சென்னியப்பன். மைக் இல்லாமலேயே கேட்டது.

அவர் பாவாத்தாள் பக்கத்தில் உட்கார்ந்து, மோவாயைப் பிடித்து முகத்தைத் திருப்பிப் பார்த்தார். இடது கன்ன எலும்பின்மேல் சதுரமாக ஒரு வெட்டு. வெகுநேரம் பார்த்தார். பிறகு கீழே பார்த்து, "அம்மணி, மேல வா கண்ணு" என்று அன்புச்செல்வியைக் கூப்பிட்டார். அவள் பயந்துகொண்டே வந்தாள். பாவாத்தாளுக்குப் பக்கத்தில் உட்கார வைத்தார். இரண்டு முகமும் ஊரைப் பார்த்து இருந்தன, இரண்டு கன்னத்திலும் ஒரே இடத்தில் ஒரே அளவில் ஒரே வெட்டு. ஒன்று ஆறிவருகிறது, ஒன்று ரத்தம் வடிகிறது.

சென்னியப்பன் வேங்கடசாமி பக்கம் திரும்பினார். குரலை உயர்த்தவில்லை. மரியாதையையும் விடவில்லை.

"ஏனுங்க மாப்பிள்ள, இந்த மேடையில தறி எங்கீங்க ஓடுது?"

அதன்பின் நடந்ததை நான் தரையில் கிடந்தபடி பார்த்தேன். பெண்கள் பக்கத்திலிருந்துதான் முதலில் எழுந்தார்கள். அவன் கூடத்தில் தார் சுற்றுகிறவர்கள், அவன் கூடத்தில் தறி ஓட்டுகிறவர்களின் மனைவிமார். செருப்பு, பந்தல் மூங்கில், கையில் கிடைத்த நாற்காலி. ஆண்கள் யாரும் தடுக்கவில்லை. சட்டை கிழிந்து, ஒரு கண் மூடிக்கொண்டு, மோதிரம் இருந்த விரல் பின்பக்கம் வளைந்து, அவனை இரண்டு பேர் காரில் தூக்கிப் போட்டுக்கொண்டு போனார்கள். பிறகு போலீஸ் வந்தது, கேஸ் நடந்தது. உடுமலைப்பேட்டையில் சொந்தக்காரர் தென்னந்தோப்பில் இருக்கிறான் என்று கேள்வி. அவன் கதை எனக்கு வேண்டாம்.

அன்புச்செல்வி போகவில்லை. அவளை யாரும் போகச் சொல்லவுமில்லை. சென்னியப்பனே அவள் அப்பா அம்மாவைக் கூப்பிட்டு, "நான் பேசுன நியாயம் தப்புங்க" என்று சொன்னார். இப்போது பாவாத்தாளோடு இருந்து தார் சுற்றுகிறாள். அந்த அடிக்குப் பிறகு அவருக்கு இடது காது சுத்தமாகக் கேட்காது. அதனால் அவள் எப்போதும் வலது பக்கமே உட்காருகிறாள், வாசலுக்குப் போக வேண்டிய சத்தம் வந்தால் அவள் கேட்டுச் சொல்கிறாள், இருவரும் எழுந்து போகிறார்கள். பாவாத்தாள் ரத்தக்கறை பிடித்த பொன்னாடையை மடித்துத் தறிக்கூடத்துப் பலகையில் போட்டு உட்கார்ந்திருக்கிறார்.

விழா முடிந்து ஆஸ்பத்திரியில் என் விலா எலும்புக்கும் அவர் தாடைக்கும் ஒரே நாளில் கட்டுப் போட்டார்கள். எனக்கு வந்த கோபத்துக்கு அளவில்லை.

"எங்கிட்டயாவது சொல்லியிருக்கலாமுல்லங்கம்மா. மொத அடியிலயே ஒதுங்கியிருக்கலாமுல்ல. செத்துப்போயிருந்தா?"

வாயை அசைக்க முடியாமல் மெதுவாகத்தான் பேசினார்.

"ஒதுங்குனா நடிப்புன்னு போயிருப்பாங்க நாசரு. சிங்காநல்லூருல அத்தன பேரு கேட்டும் ஒத்திகைன்னு உட்டுட்டாங்கல்ல. எம்புள்ள போனதுக்கப்புறமும் எந்தப் படம்னுதான் கேட்டாங்க."

கட்டுப்போட்ட முகத்தை அன்புச்செல்வி இருந்த பக்கம் திருப்பினார்.

"இந்தப் புள்ளையோட அடியையாவது ஊரு நெசமுன்னு நம்போணுமல்ல. அதுக்குத்தான் கையத் தூக்கிட்டு நின்னேன்."